பதினெட்டுச் சொத்தைக் காய்கள்

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் விஜயராணி பதினொரு வருஷம் ஓட்டை பார்த்தாள். அந்த வேலைக்குச் செக்கிங் என்று பெயர். ஆனால் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டபோது, "துணியில ஓட்டை இருக்கான்னு பாக்குறேம்மா" என்றுதான் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸேறித் திருப்பூருக்குப் போய், ஓட்டை பார்ப்பதற்கு ஒரு சம்பளமா!

லேசான வேலையில்லை அது. பனியனை எடுத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு விரித்து, குழல்விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். ஊசி உடைந்து விழுந்த துளை, எண்ணெய்ச் சொட்டு, தையல் தப்பிய இடம் எல்லாம் மூன்று மூச்சுக்குள் தெரிந்துவிட வேண்டும். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து உருப்படி. கட்டோடு ஓர் அட்டை வரும். நல்லது இருபத்திரண்டு, கழிவு மூன்று என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்து எழுதலாம். கூட்டினால் இருபத்தைந்து வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டு மேஜையை விட்டு நகராது. மேஜைக்கு அடியிலோ பக்கத்துக் குவியலிலோ தேடி எடுத்த பிறகுதான் டீ. இந்தப் பழக்கம் விஜயராணியின் உடம்பில் ஊறிப்போனது. வீட்டில் இட்லி எடுக்கும்போதுகூட, மாவு ஊற்றிய குழி எத்தனை என்று எண்ணிப் பார்ப்பாள். "ஏன், இடையில ஒண்ணு இறங்கி ஓடிருச்சா?" என்று அவள் புருஷன் முனீஸ் கேட்பான்.

பன்னிரண்டாவது வருஷம் இருமல் வந்தது. மருந்து சாப்பிட்டால் அடங்கும். கம்பெனிக்குள் காலை வைத்தால் திரும்பிவிடும். "தூசுதாம்மா காரணம். மருந்தை மாத்துறதைவிட நீ இடத்தை மாத்து" என்றார் டாக்டர். முனீஸ் அப்போது காய்கறி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மூலனூர் முருங்கை, உடுமலைத் தக்காளி என்று அவனுக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். இரண்டாயிரத்து ஏழில் குடும்பத்தை உடுமலைப் பக்கம் கொமரலிங்கத்துக்குக் கொண்டுவந்தான். ரங்காத்தாள் என்கிற அம்மாளின் வீட்டில் பின்பக்கத்து இரண்டு அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. அமராவதி ஆற்றுக் காற்று ஆறு மாதத்தில் இருமலைக் கொண்டுபோனது. ஆனால் சும்மா இருப்பதுதான் விஜயராணிக்குக் கைவரவில்லை.

ரங்காத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு காய் பறிக்கப் போவாள். எந்தத் தோட்டத்தில் எப்போது பறிப்பு என்பது அவள் வாயிலிருந்துதான் வரும். அவள் வீட்டில் ஒரு மருமகள். வீட்டுக்கு ஆக்கும் குழம்பில் ஒரு கிண்ணம் தவறாமல் பின்வீட்டுக்கும் வரும். "தின்னு அம்மிணி. திருப்பூர்ல பஞ்சைத் தின்னு தின்னு ஒடம்பும் பஞ்சாட்டம் ஆயிப்போச்சு."

அந்த வருஷம் போய் அடுத்த ஆவணியில், அந்தோணிராஜ் தேடிக்கொண்டு வந்தான். மண்ணரையில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் நின்ற மூக்கம்மாளின் மகன். அப்பா தையல்காரர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். வேளாண்மை படித்து, ஒரு விதைக் கம்பெனியில் ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தான். அந்த ஆறு மாதமும் நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

"அக்கா, ஒரு வேலை இருக்கு. இங்கயும் ஓட்டை பாக்குறதுதான்."

"கொமரலிங்கத்துல ஏதுடா பனியன் கம்பெனி?"

"பனியன் இல்லக்கா. கத்தரிக்காய்."

விஷயத்தை அவன் விவரமாகச் சொன்னான். கத்தரிக்குப் பெரிய எதிரி காயைத் துளைக்கிற புழு. அதற்காக விவசாயிகள் வாரத்துக்கு இரண்டு தடவைகூட மருந்து அடிக்கிறார்கள். அந்தப் புழு கடித்தால் அதுவே செத்துப்போகும்படியாக, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை எடுத்துக் கத்தரிச் செடிக்குள் வைத்திருக்கிறது கம்பெனி. ஆனால் விற்றுவிட முடியாது. அரசாங்கத்துக் குழு அனுமதிக்க வேண்டும். அதற்கு முன்னால் வேலி போட்டு வளர்த்து, எண்ணி, எழுதிக் காட்ட வேண்டும். அப்புசாமிக் கவுண்டரின் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பன்னிரண்டு பாத்தி பிரித்தாயிற்று. சில பாத்தியில் புது விதை, சில பாத்தியில் சாதாரண விதை. எது எது என்று அந்தோணிராஜுக்கே தெரியாது. அந்த விவரம் உறையில் போட்டு, அரக்கு வைத்து, குழுவிடம் இருக்கிறது. ஒவ்வொரு பறிப்பிலும் பாத்திவாரியாக நல்ல காய் எத்தனை, சொத்தை எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணி முடித்த காயை எல்லாம் வெட்டிக் குழியில் போட்டு மூட வேண்டும். ஒரு காய்கூட வேலியைத் தாண்டக் கூடாது. ஏனென்றால், அது தின்னத் தகுந்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

விதிகள் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். அந்தோணிராஜ் அதைப் படித்துவிட்டு, முதல் பறிப்பன்று ரங்காத்தாள் கூட்டத்தை நிற்க வைத்துத் தமிழில் ஒரு வரி சொன்னான்: "காயை யாரும் வெளிய கொண்டு போகக் கூடாதுங்க."

"அதெப்படிங்க தம்பி கொண்டுபோவோம்? நாங்க என்ன களவாணிகளா?" என்றாள் ரங்காத்தாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

விஜயராணி கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். கூடை வரும், கூடைமேல் பாத்தி எண் எழுதிய அட்டை இருக்கும். காயைச் சுற்றித் திருப்பிப் பார்ப்பாள். காம்புக்கடியில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அவளிடம் தப்பாது. மூன்று பறிப்பு முடிந்தது. அந்தோணிராஜ் எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடினான்.

"எல்லாப் பாத்தியும் ஏறக்குறைய ஒண்ணு போலவே இருக்குக்கா. புது விதைன்னா சில பாத்தியில சொத்தை ரொம்பக் கம்மியா இருக்கணுமே. இதுக்கா இவ்வளவு வருஷம் ஆராய்ச்சி பண்ணாங்க?"

விஜயராணிக்கு வேறு ஒன்று உறுத்தியது. பனியன் கம்பெனியில் கட்டு வரும்போதே எண்ணிக்கை அட்டையில் இருக்கும். இங்கே கூடையில் வருவதுதான் கணக்கு. செடியில் எவ்வளவு இருந்தது என்று யாரும் எண்ணவில்லை. வந்த இடத்தில் எண்ணாமல், போகிற இடத்தில் மட்டும் எண்ணுவது என்ன செக்கிங்?

நான்காவது பறிப்பன்று, பெண்கள் வருவதற்கு முன்பே ஏழாம் பாத்திக்குள் இறங்கினாள். பறிக்கிற பருவத்தில் இருந்த காயை மட்டும் செடிசெடியாக எண்ணினாள். நல்லது நூற்றுப் பன்னிரண்டு. சொத்தை நாற்பத்தொன்று. துண்டுச் சீட்டில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானம் கொட்டகைக்கு ஏழாம் பாத்திக் கூடைகள் வந்தன. நல்லது நூற்றுப் பன்னிரண்டு. அச்சாக இருந்தது. சொத்தை இருபத்து மூன்று.

பதினெட்டைக் காணோம்.

திருட்டுப் போவதை அவள் பார்த்ததில்லையா என்ன? கம்பெனியிலும் போயிருக்கிறது. ஆனால் போவதெல்லாம் நல்ல பனியன். எண்ணெய்க் கறை பட்டதை எவனாவது சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போவானா? அடுத்த பறிப்பில் மூன்று பாத்திகளை எண்ணினாள். மூன்றிலும் அதே கதை. நல்ல காயில் ஒன்றும் குறையவில்லை. சொத்தை மட்டும் குறைந்தது. சொத்தை அதிகமாக இருந்த பாத்தியில் அதிகம் குறைந்தது.

அன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் ரங்காத்தாள் அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு முறத்தில் கத்தரிக்காய். காயைப் பிளந்து, புழு இருந்த பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். விஜயராணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அக்கா, இது எங்க வாங்குனது?"

"வாங்கறதா? கத்திரி பறிக்கறவ கத்திரி வாங்குவாளா? நம்ம தோட்டத்துதான்."

"கம்பெனித் தோட்டத்துக் காயா?"

"ஆமா. ஏம்மிணி, பேயடிச்சாப்புல நிக்கற?"

"வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னானேக்கா!"

ரங்காத்தாள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். "காயைக் கொண்டுபோகக் கூடாதுன்னாப்ல. நாங்க காயைத் தொட்டமா? இது சொத்தை. எந்தத் தோட்டத்துலயும் சொத்தை பறிக்கறவளுக்குத்தான். மடி கொள்ளற அளவு எடுத்துக்குவோம். நல்ல காய்ல ஒண்ணு, ஒரே ஒண்ணு, எவளாச்சும் எடுத்திருந்தா என்னைக் கேளு. செருப்பாலயே அடிக்கறேன் அவளை."

"இதை... ஊட்டுல எல்லாரும் சாப்பிட்டீங்களா?" அதிர்ச்சியில் அவளுக்கே தெரியாமல் கொங்குச் சொல் வாயில் வந்துவிட்டது.

"எல்லாருந்தான். மருமவளுக்குன்னா கத்திரிக்காக் கொழம்பு உசுரு." ரங்காத்தாள் அடுத்த காயை எடுத்தாள். "நீயுந்தான். நேத்து ரெண்டு கை சோறு சேத்து வாங்கித் தின்னியே, அது என்ன, வானத்துல இருந்து வந்ததுன்னு நெனச்சியா?"

விஜயராணி முறத்தைப் பார்த்தாள். தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தாள். மருமகள் கால் நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு.

மறுநாள் கொட்டகையில் அந்தோணிராஜிடம் சொன்னாள். அவன் முதலில் சந்தோஷப்பட்டான். துண்டுச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்து, காகிதத்தில் கூட்டிக் கழித்து, மேஜையைத் தட்டினான்.

"பாருங்கக்கா! சொத்தை அதிகமா இருந்த பாத்தியில இருந்துதான் நிறைய போயிருக்கு. அதான் எல்லாம் ஒண்ணு போலத் தெரிஞ்சுது. விதை மேல தப்பே இல்ல!"

"விதை மேல தப்பில்ல. ஆனா காய் வேலி தாண்டிருச்சே."

அவன் முகம் சட்டென்று மாறியது. அப்போதுதான் அந்தப் பாதி அவனுக்கு உறைத்தது. எழுந்து கொட்டகை வாசலுக்குப் போனான். திரும்பி வந்தான்.

"அக்கா, ஒண்ணு செய்வோம். இனிமே செடியிலயும் எண்ணுவோம், கொட்டகையிலயும் எண்ணுவோம். ரங்காத்தாம்மாகிட்ட நான் பேசி நிறுத்திடறேன். முதல் அஞ்சு பறிப்புக் கணக்கு தப்பு, எண்ணுனதுல கோளாறுன்னு எழுதிடலாம். வெளிய போனதை மட்டும் எழுத வேண்டாம்."

"எண்ணுனது யாருன்னு போடுவ?"

அவன் துண்டுச் சீட்டை நான்காக மடித்தான்.

"நான் எண்ணுனேன். என் எண்ணிக்கையில கோளாறு இல்ல" என்றாள் விஜயராணி.

"அக்கா, இது வெளிய தெரிஞ்சா வயலையே அழிக்கச் சொல்லுவாங்க. எட்டுப் பேருக்கு இந்த சீசன் வேலை போகும். உங்களுக்கும்தான். எனக்கு... எங்கம்மா இன்னும் பனியன் கம்பெனியில நிக்குறாங்கக்கா. உங்களை மாதிரிதான் இருமுறாங்க."

அது அவளைக் குத்தியது. மூக்கம்மாள் தன் டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்த நாட்கள் எத்தனையோ. ஆனாலும் கண்ணுக்குள் அந்த ஆறு மாத வயிறு நின்றது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது என்றால் டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். அவள் கத்தரிக்காய் என்பாள். எந்தக் கத்தரிக்காய் என்று உலகத்தில் எந்தத் தாளிலும் இருக்காது. ஒன்றும் ஆகாமல் போனாலும் அப்படித்தான். எத்தனை பேர் தின்றார்கள், என்ன ஆனது என்று பார்ப்பதற்காகத்தானே அந்தக் குழுவே இருக்கிறது? பாதியை மறைத்துவிட்டு மீதியைக் காட்டினால் அவர்கள் எதை நம்பி அனுமதி கொடுப்பார்கள், எதை நம்பி மறுப்பார்கள்?

"தம்பி, சொத்தை குறைஞ்சுதுன்னு எழுதுனா ஏன் குறைஞ்சுதுன்னும் எழுதணும். கட்டுல மூணு குறையுதுன்னா, அந்த மூணு எங்கன்னு தெரியாம அட்டையில கையெழுத்துப் போட உங்கம்மாவும் பழக்கலை, எனக்கும் தெரியாது."

ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுத இடம் இருந்தது. இதுவரை யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. விஜயராணி தமிழில், பத்தாம் வகுப்புக் கையெழுத்தில், நிதானமாக எழுதினாள். இடம் போதாமல் பக்கத்தின் பின்புறமும் போனது. பிறகு கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினாள். வாரக் கடைசியில் ரிஜிஸ்டரின் நகல் குழுவுக்குத் தபாலில் போகும். அவன் கையெழுத்து இல்லாமல் போகாது. அந்தோணிராஜ் அதைப் படித்தான். அந்தப் பக்கத்தைக் கிழிக்க அவனுக்கு ஒரு மத்தியானம் முழுக்க நேரம் இருந்தது. கிழிக்கவில்லை. நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போனவன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

குழுவிலிருந்து தந்திபோல் பதில் வந்தது. பறிப்பை நிறுத்துங்கள், ஆள் வருகிறோம். பத்து நாள் வேலை இல்லை. எட்டுப் பெண்களும் வேறு தோட்டம் தேடி ஓடினார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. குழம்புக் கிண்ணம் நின்றது. ரங்காத்தாள் பின்வீட்டைக் கடக்கும்போது காற்றிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"ஊட்டுல எடம் குடுத்தா நம்மளையே களவாணின்னு எழுதிக் குடுக்கற காலம்!"

"நான் அப்படி எழுதலைக்கா. வாசிச்சுக் காட்டட்டுமா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு குத்திக் காட்டறயாக்கும்."

முனீஸ் அன்று ராத்திரிச் சோற்றை அளைந்துகொண்டே, "வேற வீடு பாத்துருவமா?" என்றான். விஜயராணி வேண்டாம் என்றாள். இவ்வளவு நாள் நின்று பதில் சொல்லிவிட்டு, இப்போது ஓடினால் எழுதியது பொய் என்று ஆகிவிடும்.

பதினோராவது நாள் ஜீப்பில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பெயர் சனோபர். கோயம்புத்தூரில் பயிர் ஆராய்ச்சி செய்கிறவர். கண்காணிப்புக் குழுவில் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, காலில் வயலுக்கு ஏற்ற ரப்பர் செருப்பு. கொட்டகைக்குள் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காராமல் முதலில் குழியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பாத்தி அட்டைகளைப் பார்த்தார். பிறகு பெண்களைக் கூப்பிட்டார்.

ரங்காத்தாள் முதல் ஆளாக முன்னால் வந்தாள். கேள்வி வருவதற்கு முன்பே பதில் வந்தது.

"நல்ல காய்ல ஒண்ணு கொறஞ்சிருந்தா என்ற கையை வெட்டிப்போடுங்க சாமி."

"குறையலீங்கம்மா" என்றார் சனோபர்.

ரங்காத்தாள் தடுமாறினாள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இந்தப் பதிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சனோபர் கையிலிருந்த நகலைத் திருப்பி, பின்பக்கத்தை வாசித்தார்.

"பறிக்கும் பெண்கள் நல்ல காயில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. நான்கு பாத்திகளில் எண்ணிப் பார்த்தேன், நல்ல காய் சரியாக இருந்தது. சொத்தைக் காய் பறிக்கிறவர்களுக்கு என்பது இந்த ஊர் வழக்கம். கூடாது என்று சொன்னபோது சொத்தையும் அதில் சேரும் என்று யாரும் விளக்கவில்லை. அவர்கள் வீடுகளில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நானும் சாப்பிட்டேன். ஒரு வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணி இருக்கிறார். அவரை டாக்டர் பார்க்க வேண்டும்."

ரங்காத்தாள் விஜயராணியைப் பார்க்கவில்லை; சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏனுங்க, அது வெசமுங்களா?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"விஷம்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்லீங்கம்மா. எலிக்கு, ஆட்டுக்கு எல்லாம் குடுத்துப் பார்த்திருக்காங்க, ஒண்ணும் ஆகலை. ஆனா பயமே இல்ல, தின்னுங்கன்னு சொல்ற உரிமை எனக்கு இன்னும் வரலை. சோதனை முழுசா முடிஞ்சாத்தான் வரும். தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாதுங்கறதுக்குத்தான் இந்த வேலி."

ரங்காத்தாள் யோசித்தாள். காய் பறித்தே முப்பது வருஷம் ஓட்டிய மூளை அது.

"கம்பெனிக் கத்திரிய கடிச்சாப் புழு செத்துப்போகும்னு சொல்றாங்களே. அப்பச் சொத்தை விழுகறது முக்காவாசி நாட்டுக் கத்திரியிலதானுங்களே? நாங்க தின்னது சொத்தை மட்டுந்தானே?"

சனோபர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "எந்தப் பாத்தி எதுன்னு இப்ப நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க கணக்குப் போட்டது சரிதான். முக்கால்வாசின்னு சொன்னீங்க பாருங்க, அதுவும் சரி. மீதிக் கால்வாசிக்காக உங்க மருமகளை உடுமலையில ஒரு டாக்டர் மாசாமாசம் பார்ப்பாங்க. செலவு கம்பெனியோடது."

"பாத்தியா அந்தோணித் தம்பி," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள், "நல்லதைத் தின்னிருந்தாத்தான் மாட்டியிருப்போம்!" பத்து நாளுக்குப் பிறகு அந்தக் கூட்டம் சிரித்தது. அந்தோணிராஜும் சிரித்தான், கொஞ்சம் அழுகிறவன் மாதிரி.

முடிவு வர இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் விஜயராணி காலையில் வயலுக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். காய் முற்றி, மஞ்சளாகி, செடியிலேயே தொங்கியது. கடிதம் வந்த அன்று அந்தோணிராஜ் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளைக்கூட நிறுத்தாமல் சாய்த்துவிட்டு ஓடிவந்தான்.

வயலை அழிக்க வேண்டாம். முதல் ஐந்து பறிப்புக் கணக்கும் செல்லாது. முற்றிய காயைப் பறித்துப் புதைத்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும். இனி செடியில் ஒரு தடவை, கொட்டகையில் ஒரு தடவை, இரண்டு எண்ணிக்கையும் வேண்டும். கம்பெனிக்கு எச்சரிக்கை. விதிகளை வேலை செய்கிறவர்களின் மொழியில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். பறிப்பு நாளில் பெண்களுக்கு வெளிச் சந்தையில் வாங்கிய காய், மடி கொள்ளும் அளவு, கம்பெனி தர வேண்டும். கடைசி வரியை அந்தோணிராஜ் இரண்டு தடவை வாசித்தான். சனோபர் அம்மாள் அந்த வழக்கத்தைத் தடுக்காமல் வேறு வழியில் விட்டிருந்தார்.

விதியைத் தமிழில் எழுதுகிற வேலை விஜயராணியிடம் வந்தது. மறுநாள் கொட்டகையில் பெண்கள் சுற்றி உட்கார, அவள் எழுதியதை வாசித்தாள். "காயை வேலிக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது."

"நில்லு" என்றாள் ரங்காத்தாள். பத்து நாளோடு மூன்று வாரம் சேர்த்து, நேராக அவளிடம் பேசிய முதல் சொல் அதுதான். "இதைத்தான அந்தத் தம்பியும் சொன்னான்? மறுக்கா எவளாச்சும் புதுசா வந்தா நம்மளாட்டத்தான் நெனப்பா. சொத்தையும் காய்தான்னு எழுது."

விஜயராணி எழுதினாள்.

"அழுவுனதும் காய்தான். வெம்புனதும் காய்தான். கீழ விழுந்ததும். எல்லாத்தையும் எழுது அம்மிணி, ஒண்ணையும் உடாதே."

எழுதி முடித்ததும் சிலர் கையெழுத்துப் போட்டார்கள். ரங்காத்தாள் மையில் கட்டைவிரலை அழுத்தி, கோணாமல் பதித்தாள். அன்று மாலை பின்வீட்டுக்குக் கிண்ணம் வந்தது. உள்ளே புடலங்காய்க் கூட்டு.

மாசி மாதம் மருமகளுக்கு உடுமலை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சனோபர் அம்மாள் போனில் எடை, தேதி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "ஒரு குழந்தையை வச்சு எதையும் சொல்லிட முடியாதும்மா. ஆனா எனக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றார். அதற்குள் கடைசிப் பறிப்பும் முடிந்து, செடிகளை வேரோடு பிடுங்கி வேலிக்குள்ளேயே எரித்தாயிற்று. இந்தத் தடவை பாத்திக்குப் பாத்தி சொத்தை எண்ணிக்கையில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. அந்த விதை வெளியே வர வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. இன்னும் எத்தனையோ ஊர் வயல்கள், எத்தனையோ கூட்டங்கள். விஜயராணிக்கு அதில் அபிப்பிராயம் கேட்டால், "எண்ணிக்கை சரி. அதுக்கு நான் பொறுப்பு" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

அந்தோணிராஜின் வேலை நிரந்தரமானது. அம்மாவைப் பனியன் கம்பெனியை விட்டு நிற்கச் சொன்னான். மூக்கம்மாள் கேட்டாளா என்பது வேறு விஷயம். அடுத்த சீசனுக்கு ஒரு வயலில் எண்ணிக்கைக்கு விஜயராணியைக் கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்தே கடிதம் வந்தது.

அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. அச்சடித்த அறிவிப்பு. தமிழ்நாட்டில் இப்படிச் சோதனை நடக்கிற வயல்களுக்கெல்லாம் அனுப்புவதற்காகக் குழு தயாரித்தது. விஜயராணி முற்றத்தில் நின்று அதைச் சத்தமாக வாசித்தாள். ரங்காத்தாள் பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி வந்ததும் கை நின்றது.

"மறுக்காப் படி."

"சொத்தைக் காயும் காய்தான். அழுகியது, வெம்பியது, கீழே விழுந்தது எதையும் வேலிக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது."

"என்ற பேரு போட்டிருக்கா?"

"இல்லைக்கா."

"ஏன் போடலையாம்?"

"அரசாங்கத் தாள்ல யார் பேரும் போடமாட்டாகக்கா."

ரங்காத்தாள் குழந்தையைப் புரட்டிப் போட்டு முதுகில் எண்ணெய் வைத்தாள். "நீ பதில் எழுதுவியல்லோ அந்தம்மாளுக்கு, அதுல ஒரு வரி போடு. சொன்னது கொமரலிங்கம் ரங்காத்தான்னு."

விஜயராணி உள்ளே போய்ப் பேனா எடுத்துக்கொண்டு வந்தாள்.